தொழில்நலக் கல்வியில் மெய்நிகர் நோயாளிகள்: வினா, விடை, மொழிபெயர்ப்பு

1. முன்னுரை

கி.பி. 1700இல் இத்தாலியின் மோதேனா நகரில், தொழிலாளர்க்கு வரும் நோய்களைப் பற்றிய இலத்தீன் நூல் ஒன்று வெளிவந்தது. அதனை எழுதியவர் பெர்னார்தினோ ராமட்சினி என்னும் மருத்துவப் பேராசிரியர். தம் இல்லத்தின் கழிவுத் தொட்டியைத் துப்புரவு செய்த தொழிலாளி ஒருவர் அளவு மீறி விரைந்து வேலை செய்வதைக் கண்டு, அதற்குக் காரணம் வினவியதே அவரை இத்துறைக்கு இட்டுச் சென்றது. நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டுவன என ஹிப்போக்ரட்டீஸ் காலந்தொட்டு வழங்கிவந்த வினாக்களோடு, நோயாளி செய்யும் தொழில் யாது என்னும் வினாவையும் சேர்க்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். தொழில்நல மருத்துவம் அந்த ஒரு வினாவிலிருந்து வளர்ந்தது எனலாம்.

முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வினா பல நேரங்களில் கேட்கப்படாமலே போகிறது. கேட்கப்பட்டாலும் விடை ஒற்றைச் சொல்லாகப் படிவத்தில் ஏறி அத்துடன் நின்றுவிடுகிறது. மூச்சிரைப்புடன் வரும் ரொட்டித் தொழிலாளிக்கு மருந்து தரப்படுகிறது, அவர் சற்றுத் தேறி அதே மாவுத்தூசிக்குத் திரும்புகிறார், மீண்டும் நோயுறுகிறார். நோயின் பெயர் தெரிந்தும் அதன் காரணம் தெரியாமையால் அவர் தம் உடல்நலத்தையும் இழப்பீட்டு உரிமையையும் ஒருங்கே இழக்க நேர்கிறது.

இவ்வினாவைக் கேட்கவும், கிடைக்கும் விடையைப் பின்தொடரவும் மருத்துவ மாணவரைப் பழக்கும் கருவிகளுள் ஒன்று மெய்நிகர் நோயாளி. அது கணினியில் இயங்கினும் பெரும்பாலும் மொழியால் ஆனது. ஆகவே அதனை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்லும் பணி மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. அப்பணியில் எவை மாற வேண்டும், எவை மாறலாகாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. மெய்நிகர் நோயாளி: தோற்றமும் அமைப்பும்

உண்மை நோயாளியிடம் செல்லுமுன் மாணவர் பயிற்சி பெறுவதற்காக, நலமான ஒருவரை நோயாளியாக நடிக்கச் செய்யும் முறையை அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பேரோஸ் 1963இல் தொடங்கினார். நடிப்பவர்க்கு நோயின் குறிகள் மட்டுமன்றி, எந்த வினாவுக்கு எவ்வாறு விடை கூறுவது என்பதும் கற்பிக்கப்பட்டது. 1971இல் வில்லியம் ஹார்லெசும் அவர்தம் குழுவினரும் கணினியையே நோயாளியாக்கிய முயற்சியை வெளியிட்டனர். மாணவர் இயல்பான ஆங்கிலத்தில் வினாவைத் தட்டச்சு செய்தால், நோயாளியின் நிலையிலிருந்து கணினி விடையளித்தது. மனித மொழியைக் கணினி விளங்கிக்கொள்ளும் முயற்சியும் மருத்துவக் கல்வியும் இவ்வாறு தொடக்கத்திலேயே இணைந்திருந்தன என்பது மொழியியலார் கருதத்தக்கது.

இணையம் பரவிய பின் இம்முறை பல வடிவங்கள் பெற்றது. ஜெர்மனியின் மியூனிக் லுட்விக் மாக்சிமிலியன் பல்கலைக்கழகத்தில் உருவான காசுஸ் என்னும் அமைப்பில், நோயாளியின் வரலாறு ஒன்றன்பின் ஒன்றாக வரும் திரை அட்டைகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அட்டையிலும் சிறிது செய்தி, ஒரு படம் அல்லது சோதனை முடிவு, ஒரு வினா, விடை தந்தபின் தோன்றும் வல்லுநர் விளக்கம் ஆகியன அமையும். ஓப்பன்லாபிரிந்த் போன்ற வேறு சில அமைப்புகளில் வரலாறு கிளைத்துச் செல்லும். மாணவர் தேரும் வழிக்கேற்ப நோயாளியின் நிலை மாறும். முன்னது உரைநடைக் கதையை ஒத்தது. பின்னது பல முடிவுகளையுடைய கதையை ஒத்தது.

ஒரு நோயாளியை நன்கு அமைக்க மருத்துவர், ஆசிரியர், தொழில்நுட்பர் ஆகியோரின் நெடுநேர உழைப்பு தேவை. எனவே ஓரிடத்தில் அமைந்ததைப் பிறவிடங்களில் பயன்படுத்தும் எண்ணம் எழுந்தது. 2007 முதல் 2010 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் நடந்த இ-விப் திட்டத்தில், பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தம்மிடமிருந்த நோயாளிகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்து, வேறு மொழிக்கும் பண்பாட்டுக்கும் பாடத்திட்டத்திற்கும் ஏற்ப 320 மெய்நிகர் நோயாளிகளைத் திருத்தியமைத்தன. இப்பணிக்கு அத்திட்டத்தார் வழங்கிய பெயர் மொழிபெயர்ப்பு என்பதன்று. ‘மறுபயனாக்கம்’ என்று பொருள்படும் சொல்லையே ஆண்டனர். மொழிமாற்றம் அப்பணியின் ஒரு கூறு மட்டுமே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

3. தொழில்நலத்திற்கு இம்முறை பொருந்தும் காரணம்

மியூனிக் பல்கலைக்கழகத்தின் தொழில்நல மருத்துவ நிறுவனம் 1999இல் நெட்வொர்ம் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. உண்மை நோயாளிகளின் வரலாறுகளை அடிப்படையாகக் கொண்டு, காசுஸ் அமைப்பின் வழியே தொழில்நோய்களைக் கற்பிப்பது அதன் நோக்கம். பின்னர் அது பிற ஐரோப்பிய நாடுகளுக்கும், ஸ்பானிய மொழி வழியே லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கும் பரவியது. மருத்துவத்தின் பல பிரிவுகளுள்ளும் தொழில்நலத்திற்கு இம்முறை சிறப்பாகப் பொருந்துவதற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, தொழில்நோயாளர் மருத்துவமனைப் படுக்கைகளில் அவ்வளவாகக் காணப்படுவதில்லை. அவர்கள் நடமாடிக்கொண்டே நோயுற்றிருப்பவர்கள். இரண்டாவது, நோயின் காரணம் நோயாளியின் உடலில் இல்லை. அவர் வேலை செய்யும் கூடத்தில் உள்ளது. மாணவர் அனைவரையும் பட்டறைக்கும் சுரங்கத்திற்கும் அழைத்துச் செல்வது அரிது. திரையில் அவற்றைக் காட்டுவது எளிது. மூன்றாவது, காலம். கல்நார்த் தூசியை மூச்சில் ஏற்றவர்க்கு நுரையீரலுறைப் புற்று தோன்றப் பெரும்பாலும் 20 ஆண்டுகளுக்கு மேலாகும். அவ்விடைவெளியை ஒரு மணி நேரப் பாடத்தில் கடந்து காட்ட மெய்நிகர் நோயாளியால் இயலும். நான்காவது, சட்டம். தொழில்நோயைக் கண்டறிந்த மருத்துவரின் கடமை மருந்துச் சீட்டுடன் முடிவதில்லை. உரிய அமைப்புக்கு அறிவிப்பதும், இழப்பீட்டுக்கு வழி செய்வதும், உடன் வேலை செய்பவர்களைக் காப்பதும் அதன் தொடர்ச்சியாகும்.

இந்நான்காம் காரணமே மொழிபெயர்ப்பின் பெருஞ்சிக்கலுக்கும் காரணமாகிறது. நுரையீரல் எந்நாட்டிலும் ஒன்றே. சட்டமும் பட்டறைப் பேச்சும் நாட்டுக்கு நாடு வேறு.

4. ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்தின்பொருட்டு ஒரு நோயாளியை இங்கு அமைத்துக் காணலாம். ஜெர்மனியின் சிறுநகர் ஒன்றில், ரொட்டிக் கூடத்தில் வேலை செய்யும் 26 வயது இளைஞர் அவர்.

முதல் அட்டையில் அவர் தம் குறையைக் கூறுகிறார். ஓராண்டாக மூக்கு ஒழுகுகிறது, தும்மல் ஓயவில்லை, சில மாதங்களாக மூச்சு அடைக்கிறது, நெஞ்சில் ஏதோ சீழ்க்கை அடிப்பது போலக் கேட்கிறது. இரண்டாம் அட்டையில், அடுத்து எதைக் கேட்பது என்று மாணவர் முடிவு செய்ய வேண்டும். புகைப்பழக்கம், வீட்டு விலங்கு, குடும்ப வரலாறு ஆகியவற்றோடு தொழிலும் ஒரு வாய்ப்பாக அங்குள்ளது. மூன்றாம் அட்டை ரொட்டிக் கூடத்தைக் காட்டுகிறது. மூட்டை பிரித்துத் தொட்டியில் கொட்டப்படுகிறது. மாவு ஒட்டாமலிருக்கப் பலகைமேல் கையால் உலர்மாவு வீசித் தூவப்படுகிறது. மூடியில்லாத பிசைபொறி சுழல்கிறது. நான்காம் அட்டையில் அவர் சொல்கிறார்: விடுமுறையில் இரு வாரம் ஊருக்குச் சென்றிருந்தபோது ஒன்றுமில்லை, திரும்பி வந்த சில நாட்களில் எல்லாம் வந்துவிட்டது.

ஐந்தாம் அட்டை சோதனைகளுக்குரியது. வேலை நாட்களிலும் ஓய்வு நாட்களிலும், நாளொன்றுக்கு நான்கு முறையேனும், சில வாரங்கள் தொடர்ந்து அவர் தம் மூச்சின் உச்ச வேகத்தை அளந்து குறிக்கிறார். கோதுமை மாவு, கம்பு இனத்தைச் சேராத ஐரோப்பியத் தானியமாகிய ரை மாவு, மாவைப் பதப்படுத்தச் சேர்க்கப்படும் பூஞ்சைவழி நொதியாகிய ஆல்ஃபா அமைலேஸ் ஆகியவற்றுக்குத் தோலில் ஒவ்வாமைச் சோதனை செய்யப்படுகிறது. இறுதி அட்டைகள், தூசி குறைந்த மாவு, பொறிக்கு மூடி, உறிஞ்சுகுழாய் ஆகிய தடுப்புமுறைகளையும், சட்டத்தின்படி செய்ய வேண்டியவற்றையும் வினவுகின்றன.

இதனை மொழிபெயர்க்க முற்படுபவர் முதலில் தலைப்பிலேயே தடுக்கி விழக்கூடும். ஜெர்மானியர் இந்நோயைப் ‘பெக்கர் அஸ்த்மா’ என்று ஒரே தொகைச்சொல்லால் குறிப்பர். ரொட்டித் தொழிலாளரின் ஈளை என்பது அதன் பொருள். நோயும் தொழிலும் அச்சொல்லில் ஒட்டியே நிற்கின்றன. மாணவர் தேடிக் கண்டடைய வேண்டிய உறவு அதுவே. அச்சொல்லைத் தலைப்பிலோ கோப்பின் பெயரிலோ முதல் அட்டையிலோ இட்டுவிட்டால், பாடம் தொடங்குமுன்பே முடிந்துவிடும். எச்சொல்லைப் பெயர்ப்பது என்பதோடு எச்சொல்லை எவ்விடம் வரை நிறுத்திவைப்பது என்பதும் இங்கு மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பாகிறது.

5. நான்கு சொல்லடுக்குகள்

தொழில்நல நோயாளி ஒருவரின் வரலாற்றில் நான்கு வகைச் சொற்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. இவற்றை வேறுபடுத்தி அறிவதே மொழிபெயர்ப்பின் முதற்படி.

5.1 தொழிலாளியின் சொல். வண்டிக்கு வண்ணம் தெளிப்பவர் ‘ஹார்டனர்’ என்பார். ஐசோசயனேட் என்னும் வேதிப்பெயர் அவர் வாயில் வாராது. ஹார்டனர் என்னும் சொல்லைக் கேட்டு, அதனுள் ஆஸ்துமாவை உண்டாக்கவல்ல ஐசோசயனேட் இருக்கக்கூடும் என மாணவர் உய்த்துணர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தெளிவு கருதித் தொழிலாளியின் வாயில் வேதிப்பெயரை இட்டால், உய்த்துணர எதுவும் எஞ்சாது. தமிழகப் பட்டறைகளில் வழங்கும் பட்டி, தின்னர், டிங்கரிங் முதலிய சொற்களைத் தூய்மை கருதி நீக்கினாலும் விளைவு அதுவே. பின்னாளில் உண்மைத் தொழிலாளி அச்சொற்களைக் கூறும்போது மாணவர்க்கு அவை விளங்கமாட்டா.

5.2 மருத்துவரின் சொல். மூச்சிரைப்பைக் குறிக்கும் நோயாளியின் சொல் பலவாக, மருத்துவக் கலைச்சொல் ஒன்றாக இருக்கும். தமிழில் ‘இளைப்பு’ என்பது மூச்சு வாங்குவதையும் களைப்பையும் குறிக்கும்; ‘இளைத்துவிட்டேன்’ என்பவர் உடல் மெலிந்ததைக் கூறுகிறார். ‘இழுப்பு’ என்பது சிலர் வழக்கில் ஈளை, சிலர் வழக்கில் வலிப்பு. இக்குழப்பம் குறையன்று, கற்பிக்கத்தக்க பொருள். நோயாளி இழுப்பு என்றால், ‘மூச்சு இழுக்கிறதா, கை கால் இழுக்கிறதா’ என்று மாணவர் கேட்டுத் தெளிய வேண்டும். ‘எனக்கு மூச்சுக்குழல் சுருக்கம் உள்ளது’ என்று பேசும் நோயாளி எவ்வூரிலும் இல்லை.

5.3 சட்டத்தின் சொல். ஜெர்மன் மொழியில் ‘பெரூஃப்ஸ்கிராங்க்ஹைட்’ என்பது தொழிலால் வரும் எந்த நோய்க்கும் பெயரன்று. சட்டம் பட்டியலிட்ட நோய்க்கே அது பெரும்பாலும் உரியது. 1925இல் 11 நோய்களுடன் தொடங்கிய அப்பட்டியல் காலந்தோறும் விரிந்தது. வேலையோடு தொடர்புடையதாயினும் பட்டியலில் இடம்பெறாத நோய்க்கு வேறு பெயர் உண்டு. தமிழில் ‘தொழில்நோய்’ என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் பெயர்த்தால், இழப்பீடு பெறத்தக்கவர்க்கும் பெறவியலாதவர்க்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும். பட்டியலிட்ட நோய்க்குத் ‘தொழில்நோய்’ என்பதையும், பொதுவாக வேலையால் உண்டாகும் அல்லது மிகும் நோய்க்கு ‘வேலைசார் நோய்’ என்பதையும் வரையறுத்து ஆள்வது ஒரு வழி.

சட்டச் சொல்லோடு சட்ட அமைப்பும் வருகிறது. ஜெர்மனியில் தொழில்வாரியாக அமைந்த விபத்துக் காப்பீட்டு அமைப்புகளிடம் மருத்துவர் ஐயத்தை அறிவிக்க வேண்டும். ஸ்பெயினிலும் சிலியிலும் அவ்விடத்தை ஒத்த பெயருடைய பரஸ்பர காப்பீட்டு அமைப்புகள் வகிப்பினும், இரு நாட்டு அமைப்புகளும் ஒன்றல்ல. சிலியின் சட்டம் 1968இல் இயற்றப்பட்ட 16,744ஆம் எண் சட்டம். கொலம்பியாவில் அமைப்பின் பெயரும் வேறு. துறையின் பெயரைக்கூட ஸ்பெயினார் ஒருவாறும் லத்தீன் அமெரிக்கர் பிறிதோராறும் வழங்குவர். ஸ்பானிய மொழி ஒன்றாயிருந்தும் ஒரே பாடத்தை மாட்ரிட்டிலும் சாந்தியாகோவிலும் அப்படியே நடத்தவியலாமைக்கு இதுவே காரணம்.

மூலமும் நிலைத்து நிற்பதன்று. ஜெர்மானியச் சட்டத்தின்படி, ஒவ்வாமைவழி மூச்சுத்தடை நோயுற்றவர் தீங்கு தரும் வேலையை அறவே கைவிட்டாலன்றி அவர் நோய் தொழில்நோயாக ஏற்கப்படாது என்னும் விதி 2020 முடிய இருந்தது. 2021 சனவரி முதல் நாள் அது நீக்கப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட ரொட்டித் தொழிலாளியின் வரலாறு, தொழிலை விடுவதா நோயோடு இருப்பதா என்னும் இக்கட்டை மையமாகக் கொண்டிருக்கும். அதனை ஆண்டு நோக்காது பெயர்ப்பவர் இறந்துபட்ட சட்டத்தை உயிருள்ளதாகக் கற்பிக்க நேரும்.

5.4 சிப்பத்தின் சொல். வேதிப்பொருளின் கலத்தின்மீதும் பாதுகாப்புத் தாளிலும் உள்ள எச்சரிக்கைத் தொடர்கள் நான்காம் அடுக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதி இத்தொடர்களை ஒன்றிய மொழிகளில் எண்ணிட்டு வரையறுத்துள்ளது. மூச்சில் ஏற்றால் ஒவ்வாமை, ஆஸ்துமாக் குறிகள் அல்லது மூச்சுத் துன்பம் உண்டாகலாம் என்பதைக் குறிப்பது எச் 334 என்னும் எண். போலிஷ் மொழிக்கோ ஸ்பானிய மொழிக்கோ பெயர்ப்பவர் இத்தொடரைத் தாமாகப் பெயர்த்தலாகாது. வரையறுத்த தொடரையே எடுத்தாள வேண்டும். ஒரே அட்டையில் முதல் அடுக்கிற்குத் தொழிலாளியின் பேச்சை ஓர்ந்து எழுதும் உரிமையும், நான்காம் அடுக்கிற்கு ஓர் எழுத்தும் மாற்றாத கட்டுப்பாடும் மொழிபெயர்ப்பாளர்க்கு ஒருங்கே வேண்டப்படுகின்றன.

6. வினாவின் மொழி

தொழில் யாது என்னும் வினா எளியதாகத் தோன்றும். ஜெர்மன் மொழியில் ‘பெரூஃப்’ என்பது ஒருவர் முறையாகப் பயின்று தகுதி பெற்ற தொழில். ‘டேட்டிக்கைட்’ என்பது அவர் உண்மையில் செய்யும் வேலை. முன்னதைக் கொண்டு வினவினால், ரொட்டித் தொழில் பயின்று இப்போது கிடங்கில் வண்டி ஓட்டுபவரும் ‘ரொட்டித் தொழிலாளி’ என்றே விடையளிக்கக்கூடும். நோயின் காரணம் கிடங்கில் இருப்பின் அது வெளிப்படாது. ஆகவே தொழில் வரலாறு கேட்கும் மருத்துவர் இரண்டையும் தனித்தனியே கேட்கப் பயில்கிறார்.

தமிழில் ‘தொழில்’, ‘வேலை’, ‘பணி’, ‘உத்தியோகம்’ ஆகிய சொற்கள் ஒரே விடையைப் பெற்றுத் தருவதில்லை. ‘என்ன தொழில்?’ என்றால் சிலர் சொந்த வணிகத்தைக் கேட்பதாகக் கருதுவர். ‘எங்கே வேலை?’ என்றால் நிறுவனத்தின் பெயர் வரும். ‘பேக்கரியில் இருக்கிறேன்’ என்பவர் விற்பனை மேசையில் நிற்பவராகவோ மாவு பிசைபவராகவோ இருக்கலாம்; மாவுத்தூசியைப் பொறுத்தமட்டில் இருவர்க்கும் உள்ள வேறுபாடு பெரிது. ‘காலையில் போனதிலிருந்து என்னென்ன செய்வீர்கள்?’ என்னும் நீண்ட வினாவே ‘டேட்டிக்கைட்’ என்னும் ஒரு சொல்லுக்குத் தமிழில் நேராகிறது. ஜெர்மன் ‘மைஸ்டர்’ என்பதைத் தமிழக அடுமனைகளில் வழங்கும் ‘மாஸ்டர்’ என்று பெயர்ப்பதும் பிழையாகும். முன்னது தேர்வெழுதிப் பெறும் தகுதிநிலை; பின்னது அடுப்படியில் கைதேர்ந்தவரை அழைக்கும் பெயர்.

காலத்தைக் குறிக்கும் வினா இதனினும் நுட்பமானது. பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ் நோய்க்கு ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்றும் பெயருண்டு. ஓய்வுநாள் கழிந்து ஆலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் முதற்குறி. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங் 1950களில் இந்நோயைப் படிநிலைகளாகப் பகுத்தபோது, அளவுகோலாகக் கொண்டது தொழிலாளியின் விடையையே. நெஞ்சிறுக்கம் திங்களன்று மட்டும் வருகிறதா, பிற நாட்களிலும் தொடர்கிறதா என்பதே படிநிலையை முடிவு செய்தது. ஞாயிறு விடுமுறையாக இல்லாத நாட்டிலும், வார ஓய்வு ஆளுக்கொரு நாளாகச் சுழன்று வரும் ஆலையிலும் ‘திங்கட்கிழமை நெஞ்சு இறுகுகிறதா?’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கேட்டால், நோயுள்ளவரும் ‘இல்லை’ என்பார். மொழிபெயர்ப்பு இலக்கணப்படி சரியாகவும் மருத்துவப்படி தவறாகவும் அமைந்துவிடும். ‘லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் எப்படி இருக்கிறது?’ என்பதே உரிய பெயர்ப்பு. நள்ளிரவுக்குப் பின் வேலை தொடங்கும் ரொட்டித் தொழிலாளியிடம் ‘இரவில் மூச்சடைப்பு உண்டா?’ எனக் கேட்பதும் இத்தகையதே. அவர்க்கு இரவு உறங்கும் நேரமன்று, உழைக்கும் நேரம்.

விளிச்சொல்லும் இங்குக் கருதத்தக்கது. ஜெர்மன் மருத்துவர் நோயாளியை மரியாதைப் பன்மையில் அழைப்பதில் ஐயமில்லை. தமிழில் ‘நீங்கள்’ என்பதா, ‘என்னப்பா’ என்பதா, ‘அண்ணே’ என்பதா என்னும் தேர்வு எழுகிறது. மெய்நிகர் நோயாளியின் உரையாடல் மாணவர்க்கு முன்மாதிரியாவதால், தொழிலாளியை ஒருமையில் விளிக்கும் மருத்துவரைக் காட்டும் பாடம், நோய்க்குறியோடு அவ்விளியையும் கற்பித்துவிடும்.

7. விடையின் மொழி

மாணவர் தரும் விடையைக் கணினி மதிப்பிட வேண்டும். விடை சொல்லாகத் தட்டச்சு செய்யப்படின், ஏற்கத்தக்க வடிவங்களின் பட்டியலோடு அது ஒப்பிடப்படும். ஜெர்மன் மொழியில் ஒரே நோயைத் தொகைச்சொல்லாகவும் பெயரடைத் தொடராகவும் எழுதலாம் என்பதால் பட்டியல் நீளும். தமிழில் எழுத்துக்கூட்டு வேறுபாட்டால் ஆஸ்துமா, ஆஸ்த்மா, ஆஸ்மா என்றும், வேறு சொல்லால் ஈளைநோய் என்றும் விடை வரும். காரணத்தைக் கேட்டால் மாவால், மாவினால், மாவுத் தூசியால், மாவுப் புழுதியால் என வேற்றுமையுருபும் சாரியையும் சேர்ந்து சொல் உருமாறும். பட்டியலை மட்டும் நம்பினால் சரியான விடை தவறெனத் தள்ளப்படும். உருபனியல் பகுப்பாய்வின் பயன் இவ்விடத்தில் நேரடியாகத் தெரிகிறது.

பல விடைகளுள் ஒன்றைத் தேரும் வினாக்களில் வேறொரு சிக்கல் உண்டு. வினாவின் இலக்கணமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பானிய மொழியில் கோடிட்ட இடத்திற்கு முன் பெண்பாற் சுட்டு நின்றால், ஆண்பாற் சொற்கள் தாமே விலகும். தமிழில் பால் வேறுபாடு அத்தொல்லையைத் தருவதில்லை; புணர்ச்சி தருகிறது. ‘இந்நோயைத் ______ என்பர்’ என்று எழுதினால், மிகுந்த தகர ஒற்று விடையின் முதலெழுத்தைக் கூறிவிடும். ஆஸ்துமா, சிலிக்கோசிஸ், பிசினோசிஸ், தோலழற்சி என்னும் நான்கனுள் தோலழற்சியை மருத்துவம் அறியாதவரும் தேர்ந்தெடுப்பர். ‘ஓர்’ என்று முடித்தால் உயிர்முதற் சொல்லே விடை என்பது வெளிப்படும். ‘இந்நோய் யாது?’ என வினாவை முடித்தல் இக்குறையைத் தவிர்க்கும் எளிய வழி.

8. தமிழாக்கத்திற்குச் சில கருத்துகள்

இந்தியாவிலும் தொழில்நோய்க்குச் சட்டப் பட்டியல் உண்டு. 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் தன் அட்டவணையில் அத்தகைய பட்டியலைக் கொண்டிருந்தது; 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது இடம்பெற்றது. ஆகவே ஐரோப்பிய நோயாளி ஒருவரைத் தமிழுக்குக் கொணர்பவர் முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, நோயாளியை ஜெர்மனியிலேயே இருத்தி அந்நாட்டுச் சட்டத்தையும் வழக்கையும் விளக்கிச் செல்வது. மற்றொன்று, நோயாளியைக் கோயம்புத்தூருக்கோ சிவகாசிக்கோ குடிபெயர்த்துச் சட்டம், பட்டறை, பேச்சு, உணவு, வார ஓய்வு ஆகிய அனைத்தையும் மாற்றியமைப்பது. இரண்டும் ஏற்கத்தக்கனவே. பெயரைத் தமிழாக்கிவிட்டுச் சட்டத்தை ஜெர்மனியினதாக விட்டுவிடும் நடுவழி ஏற்கத்தக்கதன்று. ரை மாவின் தூசியால் நோயுற்ற முருகேசன் எந்நாட்டிலும் இரான்.

பேச்சுமொழியை எழுதுவதில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்குள்ள தயக்கமும் இங்குக் களையத்தக்கது. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் பிரிந்து நிற்கும் இரட்டை வழக்கு, இத்துறையில் தடையாகாமல் துணையாகக்கூடும். நோயாளியின் சொற்களைப் பேச்சு வழக்கிலும், மருத்துவ விளக்கத்தை எழுத்து வழக்கிலும் அமைத்தால், முதலிரு சொல்லடுக்குகளும் கண்ணுக்கே வேறாகத் தெரியும். ஜெர்மன் ஆசிரியர் சொல் தேர்வால் மட்டும் காட்ட வேண்டிய வேறுபாட்டைத் தமிழ் தன் வடிவத்தாலேயே காட்டவல்லது.

அண்மை ஆண்டுகளில் பெருமொழி மாதிரிகளைக் கொண்டு, முன்னெழுதிய விடையின்றியே உரையாடும் நோயாளிகளை அமைக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. 1971இல் தொடங்கிய முயற்சியின் தொடர்ச்சியே இது. விடைப்பட்டியல் சிக்கல் இதனால் பெரிதும் குறையலாம். எனினும் மேற்கூறிய குறை வேறு வடிவில் தலைகாட்டும். கேளாமுன்பே அனைத்தையும் ஒழுங்காக எடுத்துரைக்கும் இயல்பு இத்தகைய மாதிரிகளிடம் காணப்படுகிறது. உண்மைத் தொழிலாளியோ மாவுத்தூசியை ஒரு செய்தியாகவே கருதுவதில்லை. அது அவர்க்கு அன்றாடக் காற்று. கேட்டாலன்றிச் சொல்லாத நோயாளியை அமைப்பதற்கு, எதை எப்போது சொல்லலாகாது என்று வரையறுக்கும் மொழியறிவு இன்றியமையாதது.

9. முடிவுரை

தொழில்நலக் கல்வியில் மெய்நிகர் நோயாளியின் பயன், அவர் கூறும் சொல்லுக்கும் மருத்துவரும் சட்டமும் வழங்கும் சொல்லுக்கும் இடையே உள்ள தொலைவில் அமைந்துள்ளது. அத்தொலைவை மாணவரே நடந்து கடக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் அதனைச் சுருக்கிவிட்டால் நடை மிடுக்காக இருப்பினும் பாடம் பயனற்றதாகும். தொழிலாளியின் சொல்லை அவர் வழக்கிலேயே இருத்தல், பட்டியலிட்ட நோயையும் பிற நோயையும் வேறு சொல்லால் குறித்தல், சட்டத்தை ஆண்டோடும் நாட்டோடும் சரிபார்த்தல், காலவினாக்களைத் தொழிலாளியின் வேலைநாளுக்கேற்ப அமைத்தல், வினாவின் இலக்கணம் விடையைக் காட்டாவண்ணம் காத்தல் ஆகிய ஐந்தும் இப்பணியில் கைக்கொள்ளத்தக்கன. இவற்றை மருத்துவர் மட்டுமோ மொழியறிஞர் மட்டுமோ தனித்துச் செய்தல் அரிது. ஒரு மேசையில் இருவரும், அவர்களோடு அத்தொழிலைச் செய்யும் ஒருவரும் அமர்ந்து ஒவ்வோர் அட்டையையும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதே தக்க முறை. தொழிலாளி தம் பேச்சை அதில் கேட்டுத் தலையசைக்கும் வரை அப்பெயர்ப்பு முற்றுப்பெற்றதாகக் கொள்ளலாகாது.